மெஷினுக்கு இரண்டாவது பக்கம்

அந்த வீட்டில் பீரோ பொது, சமையலறை பொது, குளியலறை சோப்புகூடப் பொது. மூத்த மருமகள் பெரியவளுக்கென்று தனியாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். முன்னறை ஜன்னலோரம், பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்ற சிந்தசைசர்.

இப்போது கடையில் கிடைக்கிற கீபோர்டு மாதிரி அதை நினைத்துவிடக் கூடாது. அதிலெல்லாம் பொத்தானைத் தொட்டால் போதும், வயலினோ குழலோ தயாராக வந்து நிற்கும். இது கிழட்டு அனலாக் மெஷின். மேலே வரிசையாகக் கறுப்புக் குமிழ்கள். ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத் திருகி, சத்தத்தை நாமேதான் உண்டாக்க வேண்டும். மனசுக்குப் பிடித்தது வந்துவிட்டால் அதை ஒரு நம்பரில் சேமிக்கலாம். அப்படி மொத்தம் முப்பத்திரண்டு நம்பர். அதற்குமேல் அந்த மெஷினுக்கு ஞாபகசக்தி கிடையாது. புதிதாக ஒன்று வேண்டுமென்றால் பழையது ஒன்றை அழித்துத்தான் ஆகவேண்டும்.

அந்த முப்பத்திரண்டும் பெரியவள் செய்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து ஒரு குமிழைத் திருகுவாள். பால் பொங்கி வழிந்த பிறகு போய் அடுப்பைத் துடைப்பாள். இப்படி எத்தனை பால் வீணானது என்று அவளுடைய மாமியார் உயிரோடு இருந்தவரை சொல்லிக்காட்டாத நாள் இல்லை.

அவள் வாசிக்க வந்ததே ஒரு விபத்து. கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் டைப்பிஸ்ட். அந்தப் பள்ளிக்கூடத்துப் பியானோவில் ஓய்வு நேரத்தில் கொஞ்சம் தட்டிப் பழகியிருந்தாள், அவ்வளவுதான். புருஷன் டிரம்ஸ்காரர், தம்பியைக் கிடாருக்கு வைத்துக்கொண்டு ஓர் இசைக்குழு நடத்தினார். ஹோட்டல் விருந்து, கம்பெனி ஆண்டு விழா, கிளப் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார்கள். கீபோர்டு வாசித்தவன் ஒரு கச்சேரிக்கு முந்தின நாள் சண்டை போட்டுவிட்டுப் போய்விட்டான். டைப் அடிக்கிற விரல்தானே, நீயே உட்கார் என்றார் புருஷன். உட்கார்ந்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

அந்த முப்பத்திரண்டில் ஏழாம் நம்பர்தான் அவளுடைய செல்லப்பிள்ளை. கச்சேரியின் நடுவில் பாட்டு, டிரம்ஸ், கிடார் எல்லாம் ஓய்ந்து, சிந்தசைசர் மட்டும் தனியாக ஒரு மெட்டு வாசிக்கும். குழுவில் அதற்கு 'தனி' என்று பெயர். அந்தத் தனிக்காக அவள் ஒரு மழைக்காலம் பூராவும் குமிழ்களோடு மல்லுக்கட்டிச் செய்த சத்தம் அது. காலி பாட்டிலின் வாயில் மெல்ல ஊதினால் வருமே, அதுபோல ஆரம்பித்து அடியில் எங்கேயோ போய் நடுங்கும். அதை முதல்தடவை கேட்டபோது டிரம்ஸ்காரர் கையில் இருந்த குச்சியைக் கீழே வைத்துவிட்டு, யாரோ வாசல்ல நின்னு நம்மளைக் கூப்பிடற மாதிரி இருக்கு என்றார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த பாராட்டு அது ஒன்றுதான். மனுஷன் பாராட்டில் அப்படிக் கஞ்சன். ஆனால் அந்த ஒன்றை வைத்துக்கொண்டே பெரியவள் இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் கொழுந்தன் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். பெண்டாட்டி வருவது இருக்கட்டும், வந்தவள் கீபோர்டு வாசிக்கிறவளாக வரவேண்டுமா? இசைக்கருவி விற்கிற பெரிய கடையில் வேலை பார்த்தவள் அவள். வாங்க வருகிறவர்களுக்கு முன்னால் கீபோர்டை வாசித்துக் காட்டி, அவர்கள் தலையில் கட்டி அனுப்புவது அவள் வேலை. சிரித்த முகம், நீளமான விரல். வந்த முதல் வாரமே போர்வையை விலக்கிப் பார்த்து, "அக்கா, நான் கொஞ்சம் வாசிச்சுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாசி என்றாள் பெரியவள். சொன்ன வாய் சிரித்தது. வயிறு அப்போதே பற்றிக்கொண்டது.

ஓரகத்திகளுக்குள் என்ன பொறாமை வரும் என்று ஊருக்கே தெரியும். நகை, புடவை, யார் கை சமையலுக்கு மாமனார் இன்னொரு கரண்டி கேட்டார் என்பது. இதையெல்லாம் பெரியவள் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. புதுப்புடவை எடுத்தால் சின்னவளையே முதலில் கட்டிக்கொள்ளச் சொல்லுவாள். அவளுடைய உயிர் இருந்த இடம் வேறு. அந்த இடத்தில் போய்ச் சின்னவள் கையை வைத்தாள்.

பாதிக் கச்சேரியைச் சின்னவளும் வாசிக்கட்டுமே என்றார் டிரம்ஸ்காரர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பெரியவளுக்கு மணிக்கட்டில் வலி. கச்சேரி முடிந்தால் இரண்டு நாள் வெந்நீரில் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள்மேல் உள்ள கரிசனத்தில்தான் சொன்னார். அவளுக்கு அது பென்ஷன் கொடுத்து அனுப்புவதுபோல் பட்டது.

இந்த நேரம் பார்த்து மெஷினும் மக்கர் செய்தது. உள்ளே இருந்த பழைய பேட்டரி கசிந்து, பலகையை அரிக்க ஆரம்பித்திருந்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருந்த ரேடியோ மெக்கானிக் வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தார். பேட்டரியைக் கழற்றினால் சேமித்த சத்தமெல்லாம் போய்விடும், அதனால் முதலில் எல்லாவற்றையும் கேசட்டில் ஏற்றிக் கொடுங்கள் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மூடியைத் திறந்துவிட்ட கையோடு மெமரியையும் இரட்டிப்பாக்கித் தருகிறேன், பெரிய சிப்பு ஒன்றைப் போட்டுப் பின்னால் சின்னதாக ஒரு ஸ்விட்ச் வைத்துவிட்டால் இந்தப் பக்கம் முப்பத்திரண்டு, அந்தப் பக்கம் முப்பத்திரண்டு என்று அவரே யோசனையும் சொன்னார்.

டிரம்ஸ்காரர் குதித்தார். "ரொம்ப நல்லதாப் போச்சு. ஒரு பக்கம் பெரியவளுக்கு, ஒரு பக்கம் சின்னவளுக்கு. சண்டையே இல்ல."

சண்டை என்று யார் சொன்னது? யாருமே சொல்லவில்லை. தானாகவே அந்த வார்த்தையை இழுத்து நடுவீட்டில் போட்டுவிட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார் மனுஷன். சொத்தைப் பாகம் பிரிக்கிற மாதிரி மெஷினைப் பிரித்தாயிற்று. அன்றைக்குச் சாயங்காலம் பெரியவள் தன் சத்தங்களைக் கேசட்டில் ஏற்றினாள். சத்தம் சத்தமாகப் போகாது. கீச்கீச்சென்று பல் கூசுகிற ஓர் இரைச்சலாகத்தான் போய்ப் பதியும். அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கேசட்டோடு கடைக்குப் போன மெஷின் தயாராகிவிட்டது என்று ஆள் வந்து சொன்னபோது, எனக்குத் தலைவலி, நீங்களே போய் எடுத்து வாருங்கள் என்று படுத்துக்கொண்டாள். கொழுந்தனும் சின்னவளும்தான் போய் எடுத்து வந்தார்கள். கடைக்காரர் என்ன சொன்னார் என்றும் அவள் கேட்கவில்லை. கோபித்துக்கொண்டு படுத்தவள் எழுந்து வந்து விவரம் கேட்பாளா?

அதற்கப்புறம் கச்சேரி முன்பாதி பெரியவளுக்கு, பின்பாதி சின்னவளுக்கு என்று ஆனது. தன் பாட்டுகள் முடிந்ததும் பெரியவள் பின்பக்கத்து ஸ்விட்சைத் தட்டி அந்தப் பக்கம் மாற்றிவிட்டு எழுந்துவிடுவாள். எழுந்தவள் மேடை ஓரத்தில்கூட நிற்கமாட்டாள். நேராக ஒப்பனை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மடித்த துணியையே மறுபடி மடிப்பாள். சின்னவள் என்ன சத்தம் செய்து வைத்திருக்கிறாள் என்று ஒரு தடவையாவது காதுகொடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் நன்றாக இருந்துவிடுமோ என்று பயம். சுவரைத் தாண்டித் தெளிவாக வந்தது கைதட்டல் மட்டும்தான். அதற்குக் கதவு ஒரு பொருட்டில்லை.

வீட்டில் சின்னவள் பழகுகிற நேரத்தில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பாள். ஏற்கெனவே தேய்த்த பாத்திரம்தான். அப்படியும் ஒருநாள் முன்னறையைக் கடந்து போகும்போது அவள் கண்ணில் ஒன்று பட்டது. சின்னவள் வாசித்துக்கொண்டிருந்தாள், ஸ்விட்ச் அந்தப் பக்கம் இருந்தது, எரிந்துகொண்டிருந்த விளக்கு ஏழு. ஏழே ஏழு! முப்பத்திரண்டு இருக்கிறதே, அவளுக்கென்று எட்டு இல்லையா, ஒன்பது இல்லையா? என் நம்பரிலேயே கொண்டுபோய் அவள் சத்தத்தை வைக்க வேண்டுமா என்று பெரியவள் போய்க் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

அதன் பிறகு வந்ததுதான் கப்பல் கம்பெனியின் ஆண்டு விழா. குழுவுக்கு அதுவரை கிடைத்ததில் பெரிய அரங்கம் அதுதான். காலையில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே டிரம்ஸ்காரர், இன்றைக்குத் தனியைச் சின்னவளே வாசிக்கட்டும், உனக்கும் கை வலிக்கிறதே என்றார். ஏதோ கடைக்குப் போய்வரச் சொல்வதுபோல் சொன்னார். பெரியவள் தட்டுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். சரி என்றாள். அந்தச் சரியை எப்படிச் சொன்னாள் என்று அவர் திரும்பிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அவர் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அரங்கத்தில் சாமான்களை இறக்கி, மெஷினை மேடையில் வைத்துச் சூடேற விட்டார்கள். மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். பெரியவள் போகவில்லை. மேடையில் அவளும் மெஷினும் மட்டும்தான். அவளுடைய திட்டம் சின்னத் திட்டம். அந்தப் பக்கத்து ஏழாம் நம்பரை அழிக்க வேண்டும். தனி வரும்போது சின்னவள் ஏழாம் நம்பரை அமுக்குவாள், ஒன்றும் வராது, திருதிருவென்று விழிப்பாள். அப்போது தான் போய் நிற்க வேண்டும். ஸ்விட்சைத் தன் பக்கம் தட்டி, நகரும்மா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து வாசிக்க வேண்டும். மானத்தைக் காப்பாற்றினாய் என்று எல்லாரும் சொல்ல வேண்டும். முக்கியமாக ஒருத்தர் சொல்ல வேண்டும்.

ஸ்விட்சை அந்தப் பக்கம் தட்டிவிட்டு, வால்யூமை முழுக்கத் தணித்தாள். அழிக்கப்போகிற நேரத்திலும் அதைக் கேட்க அவளுக்கு மனசில்லை. எல்லாக் குமிழையும் பூஜ்யத்துக்கு இறக்கினாள். மெஷினுக்குப் பின்னால், ஒயர்களுக்கு நடுவே, கைதவறி எதுவும் அழிந்துவிடாமல் இருப்பதற்காக ஒரு பூட்டு ஸ்விட்ச் உண்டு. விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைத் திறந்து, சேமிக்கிற பொத்தானையும் ஏழையும் சேர்த்து அமுக்கினாள். முடிந்தது. பூட்டை மறுபடி போட்டுவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளும் டீ குடிக்கப் போனாள்.

சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. முன்பாதியைப் பெரியவள் ஒரு தப்பில்லாமல் வாசித்தாள். எழுந்தவள் அன்றைக்கு ஒப்பனை அறைக்குப் போகாமல், முதல்தடவையாக மேடை ஓரத்துத் திரைக்குப் பக்கத்திலேயே நின்றாள். சின்னவள் அதைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

சின்னவளின் முதல் இரண்டு பாட்டு முடிந்து தனி வந்தது. டிரம்ஸ் நின்றது, கிடார் நின்றது, விளக்கு மங்கியது. சின்னவள் ஏழாம் நம்பரை அமுக்கினாள். விளக்கு எரிந்தது. கட்டைகளில் கையை வைத்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி வைத்தாள். அப்போதும் ஒன்றும் இல்லை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். டிரம்ஸ்காரர் எட்டிப் பார்த்தார். இதுதான் நேரம். பெரியவள் ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

அதற்குள் சின்னவள் பதறாமல் கையைப் பின்னால் நீட்டி ஸ்விட்சைப் பெரியவள் பக்கம் தட்டினாள். ஏழை அமுக்கினாள். சத்தம் வந்தது.

காலி பாட்டிலில் ஊதுகிற அதே சத்தம். வைத்த கால் வைத்தபடி நின்றுவிட்டாள் பெரியவள். அதில் அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அந்த நடுக்கம்வரைக்கும் அவள் பெற்றது. ஆனால் சின்னவள் ஒரு கையால் வாசித்துக்கொண்டே இன்னொரு கையால் ஒரு குமிழைப் பிடித்து மெல்ல மெல்லத் திருகி, அமுங்கிக் கிடந்த சத்தத்தைத் திறந்தாள். கடையில் வாடிக்கையாளரை மயக்கப் பழகிய கை. பெரியவள் ஒருநாளும் அதைச் செய்ததில்லை. குமிழை ஒருதடவை சரியாக வைத்தால் வைத்ததுதான், வாசிக்கும்போது தொட்டால் கெட்டுப்போகும் என்பது அவள் கட்சி. இப்போது அந்தக் குமிழ் திறக்கத் திறக்க, வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். பெரியவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கூடவே வயிறும் எரிந்தது. டிரம்ஸ்காரரைப் பார்த்தாள். குச்சியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

கைதட்டல் ஓய நேரமாயிற்று.

கச்சேரி முடிந்து ஒப்பனை அறைக்கு வந்ததும், நடுவில் என்ன ஆயிற்று என்று டிரம்ஸ்காரர் கேட்டார். அந்தப் பக்கத்து ஏழு காலியாக இருந்தது, அதனால் இந்தப் பக்கம் மாற்றிக்கொண்டேன் என்றாள் சின்னவள். ரேடியோக்காரர் வேலை அவ்வளவுதான் என்று கொழுந்தன் பழியை அங்கே தள்ளினான். பெரியவளால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"என் பக்கத்துல உனக்கு வேண்டியது இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதானேக்கா. புது மெமரி காலியா இருந்தா கண்டபடி இரையும்னு, கேசட்ல இருந்ததையே அந்தப் பக்கமும் ஏத்தியிருக்கேன்னு கடைக்காரர் சொன்னாரே. எனக்குக் குமிழ் வச்சுச் சத்தம் செய்யத் தெரியாது. மெஷினோட வந்த சத்தமே நல்லா இருக்குன்னு அதையே வாசிச்சுக்கிட்டிருக்கேன்."

மெஷினோட வந்த சத்தம்! டிரம்ஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மெஷினோடு வந்தது தூசியும் கரப்பான் பூச்சியும்தான், அந்த முப்பத்திரண்டும் இவள் உட்கார்ந்து உட்கார்ந்து செய்தது, ஏழுக்கு மட்டுமே ஒரு மழைக்காலம் ஆயிற்று என்று சொன்னார். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனையுமா என்று மெதுவாகக் கேட்டாள். கேட்டுவிட்டுப் பெரியவளைப் பார்த்தாள். சத்தம் செய்யத் தெரிந்தவளுக்குத்தான் அழிக்கவும் தெரியும். கடையில் இருந்த பெண்ணுக்கு இது புரிய எவ்வளவு நேரம் ஆகும்? அவள் கண்ணில் அது புரிந்ததைப் பெரியவளும் பார்த்தாள். இதோ சொல்லப்போகிறாள், இன்றோடு என் மானம் கப்பலேறியது என்று நினைத்துக்கொண்டாள்.

"நான்தான் மாமா அழிச்சிருப்பேன்," என்றாள் சின்னவள். "காலையில துடைக்கும்போது எதையோ அமுக்கிட்டேன் போல. ரேடியோக்காரர் மேல தப்பில்ல."

டிரம்ஸ்காரர் உருகிப்போனார். பரவாயில்லை, தப்பை ஒத்துக்கொள்ளவும் ஒரு மனசு வேண்டும், உனக்குப் பெரிய மனசு என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னார். கொழுந்தன் பெண்டாட்டியைப் பெருமையாகப் பார்த்தான்.

பெரியவள் தப்பித்துவிட்டாள். வேறொருத்தியாக இருந்தால் கடவுளே என்று மூச்சுவிட்டிருப்பாள். அவளுக்கோ அன்றைக்குப் பூராவும் எரியாத எரிச்சல் அப்போதுதான் எரிந்தது. அந்தப் பூட்டு ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்றே இவளுக்குத் தெரியாது. இவளாவது அழிப்பதாவது! என் சத்தத்தை வாசித்துக் கைதட்டல் வாங்கினாள். அவரைக் குச்சியைக் கீழே வைக்க வைத்தாள். இப்போது என் தப்பையும் எடுத்துக்கொண்டு அதற்கும் ஒரு பேர் வாங்குகிறாளே, எதைத்தான் எனக்கென்று விட்டு வைப்பாள் இவள்?

"அவளுக்கு அழிக்கத் தெரியாதுங்க," என்றாள் பெரியவள். "நான்தான் அழிச்சேன். நீங்கள்லாம் டீ குடிக்கப் போனப்ப."

டிரம்ஸ்காரர் கை இன்னும் சின்னவள் தலையில்தான் இருந்தது. அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஏன் என்று கேட்டார்.

"வயிறு எரிஞ்சுது. அழிச்சேன்."

சொல்லி முடித்ததும் அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. டிரம்ஸ்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொழுந்தன் கிடாரைப் பெட்டியில் வைக்கிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டான். சின்னவள் மட்டும் கிட்டே வந்தாள். "அக்கா, ஏழாம் நம்பரை மறுபடியும் அந்தப் பக்கம் போட்டுக் குடுக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"மாட்டேன்," என்றாள் பெரியவள். "தனி வாசிக்கறதா இருந்தா என் பக்கத்துலயே வாசி. வாசிக்கறதுக்கு முன்னாடி, இது எங்கக்கா செஞ்ச சத்தம்னு மைக்ல சொல்லிட்டு வாசி."

சின்னவள் தலையாட்டினாள். பெரியவள் மேடைக்குப் போய் மெஷினின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்ட ஆரம்பித்தாள்.